சிரட்டைக் கிண்ணம்

இராஜரட்ணத்தின் வீட்டில் தேங்காய் உடைப்பதில்லை. சம்பலுக்கும் சொதிக்கும் குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிற துருவல்தான். அவன் மனைவி கோணேஸ்வரி திருகோணமலைக்காரி, தேங்காய் இல்லாமல் கறி வைக்கத் தெரியாதவள். அவளே வாயைப் பொத்திக்கொண்டு பையில் வாங்குகிறாள் என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. சோம்பேறிக் குடும்பம் என்று பகிடி பண்ணிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். இராஜரட்ணம் சோம்பேறி இல்லை. சிரட்டை அவன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஒரு பட்டாளமே அடைந்து கிடந்தோம். ஆளுக்கொரு கோப்பை இல்லாத அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ விளையாட்டுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றி அவனிடம் நீட்டினான். இராஜரட்ணம் அதை வாங்கிச் சுவரில் அடித்தான். பிறகு சப்பாத்தில்லாத காலோடு வெளியே போய்ப் பனியில் நின்றான். நான் அவனுடைய கோட்டையும் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்போதுதான் சொன்னான்.

எங்கள் ஊர் பூவரசந்துறை. சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. இராஜரட்ணத்தின் ஆட்கள் அதற்குள் போகக்கூடாது, சாதி. அவனுடைய தகப்பனார் வேலியோரம் குந்தியிருப்பார். உள்ளே இருப்பவர்களுக்குக் கிளாசில் வருகிற தேத்தண்ணி அவருக்குச் சிரட்டையில், கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றப்படும். குடித்ததும் அவரே கழுவி வேலியில் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். தோளில் இருந்த சின்ன இராஜரட்ணம் தனக்கும் ஒரு வாய் வேண்டுமென்று அடம்பிடித்து அழுவான். அவர் கொடுக்க மாட்டார். தன் பிள்ளையின் வாயில் அது படக்கூடாது என்பதில் மனிதர் அவ்வளவு பிடிவாதம். பட்டினியோடு அழவிட்டே தூக்கிக்கொண்டு போவாராம்.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. இராஜரட்ணமும் நானும் பூவரசந்துறை மத்திய கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். கல்லூரி என்றதும் இங்கே பிறந்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெயர்தான். உதைபந்தாட்டத்தில் அவன் வலது கரையில் ஓடினால் பிடிக்க ஆளில்லை. வென்று வந்தால் எல்லோரும் சந்திக் கடைக்குள் போய் இருப்போம். அப்போது ஒருவரும் ஒருவரையும் தடுப்பதில்லை. அவன் மட்டும் தனக்குத் தாகமில்லை என்று வெளியே சைக்கிளில் சாய்ந்து நிற்பான். முழு ஆட்டமும் ஓடியவனுக்குத் தாகமில்லையாம், நாங்களும் நம்பினோமாம்.

அந்தக் கடை பொன்னம்பலம் அண்ணையின் தகப்பனாருடையது. பொன்னம்பலம் அண்ணை இப்போது ரொறன்ரோவில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். அவருடைய மகன் ஜெனோசனும் இராஜரட்ணத்தின் மகன் மிதுனனும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். ஒருவன் வீட்டில் மற்றவன் சாப்பிடுவான், ஒருவனுடைய சப்பாத்தை மற்றவன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். கூடப் பிறந்தவர்கள்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருப்பதில்லை. இரண்டு பேருக்கும் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இராஜரட்ணம் சொல்லவேயில்லை.

"சொன்னால் அடுத்த கேள்வி என்ன? ஆற்ரை கடை, ஆர் வைச்சிருந்தது எண்டு கேப்பான்," என்பான் என்னிடம். "அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? பெடியள் ரெண்டும் நல்லா இருக்குதுகள். அந்த நாத்தம் என்னோடை போகட்டும்."

அவன் செய்யாத வேலை இல்லை. கோப்பை கழுவினான், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்றான், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மஞ்சள் பஸ் ஓட்டுகிறான். சனிக்கிழமைகளில் எங்கள் கல்லூரி அணியின் மனேஜர். ஜேர்சி தோய்ப்பது, தோடம்பழம் வெட்டுவது, சுளுக்குக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் அவன்தான். அணியில் விளையாடுவது பழைய மாணவர்களின் பிள்ளைகள். கல்லூரியைப் படத்தில் மட்டும் கண்டவர்கள். மற்றக் கல்லூரிகளுக்கு ஆட்கள் மலிவு, எங்களுக்குப் பதினொரு பேரைச் சேர்ப்பதே திருவிழா. எங்களைப் போலத் தோற்க ஒருவராலும் முடியாது. ஒருமுறை எதிரணி வராமலே தோற்றோம். நாங்களும் வேறு மைதானத்துக்குப் போய்விட்டோம்.

இந்தச் சிரிப்பெல்லாம் இந்த வருடம் நின்றுபோனது.

கோடையில் எல்லாக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து ஸ்கார்பரோவில் சுற்றுப்போட்டி நடத்தும். நான்தான் அறிவிப்பாளர். பெடியள் எனக்கு வைத்த பெயர் மைக் அங்கிள். போட்டிக்கு முந்திய கூட்டம் அஜின்கோர்ட்டில் ஓர் உணவகத்தின் கீழ்மாடியில் நடந்தது. ஒழுங்கமைப்புச் செயலாளர் பிரதாபன், இங்கேயே பிறந்த பெடியன், கெட்டிக்காரன், ஒரு பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான். வார்னிஷ் பூசிப் பளபளவென்று மினுக்கிய சிரட்டை. கீழே மரத்தண்டு, பித்தளைத் தகடு.

"வின் பண்ணுற ரீமுக்குத்தானே எப்பவும் கப். கடைசியா வாற கொலிஜுக்கு இது. சிரட்டைக் கிண்ணம்!" என்றான். "தோத்த கப்டனும் மனேஜரும் ஸ்ரேஜிலை ஏறி உதிலை நெல்லிரசம் குடிக்கவேணும். எல்லாரும் கை தட்டவேணும். ஃபன்னா இருக்கும்."

இளம் ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் வயதுக்காரர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ந்து தட்டினார்கள். பொன்னம்பலம் அண்ணை ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "நல்ல ஐடியா தம்பி," என்றார். எனக்கு அவர் மண்டையில் கோப்பையால் போடவேண்டும் போல இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், இவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த இராஜரட்ணம் நாற்காலியை மேசையிலிருந்து பின்னுக்குத் தள்ளினான்.

கூட்டம் முடிந்ததும் அவன் பிரதாபனைத் தனியே பிடித்தான். "தம்பி, நான் ஒரு சில்வர் கிண்ணம் வாங்கித் தாறன். நெளிச்சு, கரி பூசி, இன்னும் பகிடியா வைப்பம்."

"அங்கிள், சிரட்டைதான் நம்மட கல்ச்சர். அதுதானே பொயின்ற்," என்றான் பிரதாபன், முகம் முழுவதும் சிரிப்பாக.

அந்தப் பெடியனில் எனக்குக் கோபமில்லை. ஒருவரும் சொல்லாத சங்கதி அவனுக்கு எப்படித் தெரியும்? ஊரில் நடந்ததில் பாதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, மற்றப் பாதி நடக்கவேயில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டிய கூட்டம் நாங்கள்.

இராஜரட்ணத்தின் நிலை இதுதான். எங்கள் அணி கடைசியாக வந்தால், கப்டனான மிதுனன் ஊர் முழுவதும் பார்த்திருக்கச் சிரட்டையில் வாய் வைப்பான். பக்கத்தில் நின்று அவனும் குடிக்க வேண்டும். மாட்டேன் என்றால் ஏனென்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் இரண்டு பெடியன்களும் யாருடைய கடை என்று கேட்பார்கள். அன்றைக்கு வராமல் வீட்டில் படுத்தால் மகன் தனியே குடிப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒரே ஒரு வழி, கடைசியாக வராமல் இருப்பது.

அவன் பெடியளைப் பிழிந்தெடுத்தான். வேலை முடிந்து பஸ்ஸை விட்டதும் நேரே மைதானம். முன்பு தோற்றால், "பரவாயில்லை மக்கள்," என்று தோடம்பழம் கொடுத்தவன், இப்போது பந்தைத் தவறவிட்டவனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். "அப்பாக்கு என்ன பிடிச்சது? வேர்ல்ட் கப்போ இது?" என்று மிதுனன் என்னிடம் வந்து கேட்டான். நான் வெயிலைக் குறை சொன்னேன்.

போட்டி நாளில் காலையிலேயே இரண்டு ஆட்டம் தோற்றோம். மத்தியானம் தாண்டியபோது கடைசி இடத்துக்கு நாங்களும் மாவிலங்கடி இந்துக் கல்லூரியும்தான் மிச்சம். இரண்டு அணியும் மோதும், தோற்பவருக்குச் சிரட்டை. இறுதியாட்டத்துக்குக்கூட அவ்வளவு சனம் கூடாது. கொத்துரொட்டித் தட்டோடு எல்லோரும் எல்லைக்கோட்டைச் சுற்றி வந்து நின்றார்கள். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் அந்தச் சனியன் வெயிலில் மின்னியது.

கோணேஸ்வரி தோடம்பழப் பெட்டியை வைத்துவிட்டு அவன் காதருகே போனாள். "வயித்துவலி எண்டு சொல்லுங்கோ. மூண்டு பேரும் இப்பவே வீட்டை போவம்."

"கோல் காக்கிறவன் அவன்தானே. எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?" என்றான் அவன். அவள் பிறகு ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வெட்டிய தோடம்பழத்தையே திரும்பவும் சிறிதாக வெட்டினாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மாவிலங்கடி கோல் போட்டது. எங்கள் பின்வரிசைப் பெடியன் காலுக்கடியில் பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான். மைக்கில் பக்கம் சாராமல் பேசவேண்டியவன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சனம் இப்போதே, "சிரட்டை! சிரட்டை!" என்று கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் மைதானத்தைச் சுற்றி வந்தபோது இராஜரட்ணம் காதைப் பொத்தவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை நசுக்கிக்கொண்டு நின்றான். தண்ணீர் அவன் காற்சட்டையெல்லாம் ஊற்றியது, அவனுக்குத் தெரியவில்லை.

அரைநேரத்தில் அவன் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஜெனோசனைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, "தம்பி, எனக்காண்டி ஒரு கோல் அடி. வேறை ஒண்டும் கேக்கமாட்டன்," என்றான்.

"அங்கிள், ஏன் அழுறீங்கள்?"

"வேர்வை. போ."

யோசித்துப் பாருங்கள். சிரட்டையிலிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவன் கெஞ்சியது அந்தக் கடைக்காரனின் பேரனிடம். முன்வரிசை நாற்காலியில் பொன்னம்பலம் அண்ணை குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெனோசன் அடித்தான். ஆட்டம் முடிகிற தறுவாயில், மூலையிலிருந்து வந்த பந்தை நெற்றியால் வாங்கி வலைக்குள் தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம் கிடையாது, நேரே தண்ட உதை. கோலுக்குள் மிதுனன். மாறி மாறி அடித்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் போட்டார்கள், அதுவே ஓர் அதிசயம். மாவிலங்கடியும் விடவில்லை. கடைசியாக அவர்களுடைய நெட்டைப் பெடியன் வந்தான். அவன் போடாவிட்டால் வெற்றி எங்களுக்கு.

இராஜரட்ணம் எல்லைக்கோட்டை விட்டு நகர்ந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டான். நடுவர் கை காட்டினார், அவன் கேட்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று, மகனின் முதுகுக்கு, "விடாதை ராசா, விடாதை," என்று முணுமுணுத்தான். நெட்டையன் ஓடி வந்தான். பந்து இடப்பக்கம். மிதுனன் பாய்ந்தான், விரல் நுனியில் பட்டது, பந்து கம்பத்தில் அடித்து வெளியே போனது.

நான் மைக்கில் என்ன கத்தினேனோ தெரியாது. பக்கம் சாராத அறிவிப்பாளர் என்ற பெயர் அன்றோடு போயிற்று. பெடியள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இராஜரட்ணம் வலைக்குப் பின்னால் புல்லில் இருந்துவிட்டான். கோணேஸ்வரி கத்தியைக் கீழே வைத்து முகத்தை மூடிக்கொண்டாள். கடைசிக்கு முந்திய இடம் பிடித்ததற்கு ஒரு குடும்பம் இப்படி அழுமா என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தப்பிவிட்டான் என்று நான் நினைத்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் பல வருடங்களாய் இருந்ததில்லை.

மாவிலங்கடி மனேஜர் கனகசிங்கமும் அவர்களுடைய கப்டனும் மேடையில் ஏறினார்கள். கனகசிங்கம் நல்ல பகிடிக்காரன். சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, கடைசித் துளிவரை உறிஞ்சிவிட்டு, தலையில் தொப்பி போலக் கவிழ்த்துக்கொண்டு ஆடிக் காட்டினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் தலையில் அதற்கு ஒரு பாரமும் இல்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பிரதாபனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் வாங்கோ, ஒவ்வொரு வாய் குடிச்சுப் பாருங்கோ!" என்றான். பெடியளும் பெட்டையளும் கைத்தொலைபேசியோடு வரிசையில் நின்றார்கள். குடிப்பதும் படமெடுப்பதும் அடுத்தவனுக்குக் கொடுப்பதுமாக இருந்தார்கள். வரிசையில் மிதுனனும் ஜெனோசனும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டேன். இராஜரட்ணம் மைதானத்தின் நடுவில், மேடைக்கு முதுகைக் காட்டிப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். என் கையில் மைக் இல்லை. படியிறங்கி ஓடினேன். இந்த வயதில் என்ன ஓட்டம்? நான் போவதற்குள் மிதுனன் குடித்துவிட்டான். ஜெனோசனும் குடித்தான். பிறகு இரண்டு பேருமாகத் திரும்ப நிரப்பி, சிந்தாமல் தூக்கிக்கொண்டு இராஜரட்ணத்திடம் வந்தார்கள். வென்ற மனேஜரிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று பிரதாபனும் மைக்கோடு பின்னால் வந்தான்.

"அப்பா, வெண்டதுக்கு ஒரு வாய்!" என்றான் மிதுனன்.

இராஜரட்ணம் திரும்பினான். சிரட்டையைப் பார்க்கவில்லை, மகனின் வாயைத்தான் பார்த்தான். உதட்டில் நெல்லிரசம் ஈரமாக இருந்தது.

"நீ குடிச்சனியோ?"

"ஓம். நல்லா இருக்கு. குடியுங்கோ."

அவன் கை உயர்ந்தது. அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். சிரட்டையை வாங்கிப் புல்லில் ஊற்றினான். பெடியள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"என்ன அப்பா? இட்ஸ் ஜஸ்ட் எ ஜோக்."

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம், அந்தப் பொய் தயாராக இருந்தது. அவன் வாயில் அது வரவில்லை.

"உன்ரை அப்பப்பாக்கு உதிலைதான் தேத்தண்ணி ஊத்தினவங்கள்," என்றான். "கடைக்கு வெளியிலை குந்தவைச்சு. அவர் தொட்ட கிளாசிலை தாங்கள் குடிச்சால் தீட்டெண்டு. எனக்கு ஒருநாளும் அவர் தரேல்லை. நீ இண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு குடிச்சிட்டாய்."

பிரதாபன் மைக்கை நீட்டியபடி நின்றான். ஒவ்வொரு சொல்லும் ஒலிபெருக்கியில் போனது. கொத்துரொட்டிக்காரன்கூடத் தகரத்தில் கொத்துவதை நிறுத்திவிட்டான்.

"அங்கிள், எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது," என்றான் பிரதாபன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓம் தம்பி. நாங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை."

மிதுனன் உதட்டைக் கையால் துடைத்தான். இராஜரட்ணம் பயந்திருந்த கேள்வியைக் கேட்டது அவன் இல்லை. அவன் தோளில் கை போட்டபடி நின்ற ஜெனோசன்தான் கேட்டான். கோபத்தில் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆற்ரை கடை அங்கிள்? ஆர் அப்பிடிச் செய்தது?"

இராஜரட்ணம் அந்தப் பெடியனைப் பார்த்தான். எந்த வேலியில், எந்தக் கதியால் கம்புக்குப் பக்கத்தில் சிரட்டையைக் கவிழ்ப்பது என்று எனக்குச் சொன்னவன் அவன்.

"மறந்து போச்சு தம்பி," என்றான்.

ஜெனோசன் விடவில்லை. முன்வரிசைப் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நீங்களும் அந்த ஊர்தானே! உங்களுக்குத் தெரியுமே? ஆற்ரை கடை?"

எல்லாத் தலைகளும் பொன்னம்பலம் அண்ணையிடம் திரும்பின. மனிதர் குடையை மடக்கினார். திரும்ப விரிக்கப் பார்த்தார், பிறகு மடியில் வைத்தார். தெரியாது என்று சொல்லுவார் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். இராஜரட்ணம் அதற்கு வழியும் விட்டுக் கொடுத்திருந்தான். அவர் இராஜரட்ணத்தைப் பார்த்தார். அவன் சிரட்டையில்லாத கையால் பந்துப் பையின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டு நின்றான், நிமிரவில்லை.

"எங்கடைதான்," என்றார் பொன்னம்பலம் அண்ணை. "அப்பாவின்ரை கடை. நானும் ஊத்தியிருக்கிறன்."

அவரிடம் மைக் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஜெனோசனின் கை மிதுனனின் தோளிலிருந்து தானாகவே கழன்று தொங்கியது. அவன் ஓரடி பின்னால் வைத்தான், பிறகு இன்னோர் அடி. இராஜரட்ணம் சிரட்டையைப் புல்லில் போட்டுவிட்டு, எட்டி அந்தக் கையைப் பிடித்தான். "எங்கை போறாய்? நில்லு. நீ என்ன செய்தனி?" என்றான். மகனைத் திரும்பிப் பார்த்தான். கோணேஸ்வரியும் மகனைத்தான் பார்த்தாள், நானும்தான். மிதுனன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இன்னும் ஜெனோசனிடம் கையை நீட்டவில்லை.